முதலில் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த ஏழாவது மாதம் கீழே விழுந்தது நான்.

விழுந்த இடம், நான் வேலை பார்க்கும் மிளகுக் கிடங்கு. கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் இருபத்திரண்டு வருடமாக எனக்குச் சாம்பிள் பார்க்கும் வேலை. மூட்டையிலிருந்து எடுத்துவரும் மிளகைச் சலித்து, காம்பு எவ்வளவு, தூசி எவ்வளவு, உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அன்று காலை பத்து மணி இருக்கும். சல்லடையைக் கையில் எடுத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்த ஞாபகம், தரையெல்லாம் சிதறிக் கிடந்த மிளகும் என் மேல் குனிந்திருந்த நாலைந்து பெண்களின் முகங்களும்தான். யாரோ என் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். எழுந்த வேகத்தில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

கூட வேலை செய்யும் இருவர் என்னை ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்தில் இருந்த அரசு சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான்: "மணி என்ன? பன்னிரண்டரைக்கு அவருக்குக் கஞ்சி கொடுக்கணும்."

டாக்டர் பார்த்தார். பிரஷர் ஏறியிருக்கிறது, ரத்தம் குறைவாக இருக்கிறது என்று சொல்லி மாத்திரை எழுதினார். ஒரு கட்டிலில் படுக்கவைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதை மாட்டிய நர்ஸ் எனக்குத் தெரிந்தவர்தான். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும் அவருடைய வேலை. மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து என் கணவரைப் பார்த்துவிட்டுப் போவார். அன்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சேச்சி இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"சாயா குடிச்சேன்."

"அதுக்கு முன்னாடி?"

"நேத்து அவர் மிச்சம் வச்ச கஞ்சி இருந்துச்சு."

"உட்கார்ந்து குடிச்சீங்களா, நின்னுக்கிட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்படியில் நின்று, பாத்திரத்தில் இருந்தே குடித்துவிட்டு, அதே பாத்திரத்தைக் கழுவி வைத்திருந்தேன். பல மாதமாக எனக்கென்று ஒரு தட்டு எடுக்கவில்லை என்பது அவர் கேட்டபோதுதான் உறைத்தது.

"தண்ணி?"

கிடங்கில் கழிப்பறை பின்பக்கம், முற்றத்தைத் தாண்டி இருக்கிறது. போய்வர நேரமாகும் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

"சரி. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் இல்லாம, சும்மா கடைசியா எப்போ வெளியே போனீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஓணத்துக்குப் போகவில்லை. விஷுவுக்குப் போகவில்லை. அவருக்குப் பக்கவாதம் வருவதற்கு முன்னால் எப்போதோ கடற்கரைக்குப் போயிருக்கிறோம். எந்த மாதம் என்று சொல்லத் தெரியவில்லை.

நர்ஸ் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். சொன்னார்: "மாசாமாசம் உங்க வீட்டுக்கு வர்றேன். சேட்டனோட பிரஷர் பார்க்கறேன். உங்க கையில ஒரு தடவைகூட அந்தப் பட்டையைச் சுத்தல. அது என்னோட தப்பு. இனி ரெண்டு பேருக்கும் பார்ப்பேன், கேட்டோ? நீங்களும் படுத்துட்டா அந்த வீட்டுல ரெண்டு கட்டில் போடணும். அப்ப யாரு பார்ப்பா?"

பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். பெரிதாக ஒன்றும் இல்லை. அவருக்குக் கொடுக்கும் முன் நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வேலை மேசையில் தண்ணீர் பாட்டில் இருக்க வேண்டும். தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும், அதுவும் தனியாக. இரவில் அவர் கட்டிலுக்குக் கீழே படுக்காமல் அடுத்த அறையில் தூங்க வேண்டும். உதவிக்கு வருகிறேன் என்பவர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பக் கூடாது. அவரால் முடிந்ததை அவரே செய்ய விட வேண்டும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "இதுக்கெல்லாம் நேரம் எங்கே இருக்கு? உங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க" என்றேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இங்க வந்து படுத்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. இந்த நேரம் எங்கிருந்து கிடைச்சுது?"

கடிகாரத்தை நானும் பார்த்தேன். பன்னிரண்டரை தாண்டியிருந்தது. வீட்டில் அவர் காத்துக்கொண்டிருப்பார்.

என் கணவர் ஆட்டோ ஓட்டியவர். போர்ட் கொச்சியிலிருந்து தேவரா வரை எந்தச் சந்தில் எப்போது நெரிசல் என்பதைக் கேட்காமலே சொல்வார். ஏறுகிறவர்களிடம் பேசாமல் அவரால் வண்டி ஓட்ட முடியாது. மார்ச் மாதம் ஒரு காலை, வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே போட்டார். குனிந்து எடுக்கப் போனவரால் எடுக்க முடியவில்லை. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு குழறியது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, ஆளைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பார். பேச்சு மெதுவாகத் திரும்பியது. ஆனால் அவர் பேசவில்லை. வாசலுக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். சவாரி போகும் பழைய கூட்டாளிகள் பார்ப்பார்களே என்ற கூச்சம்.

அவர் எழுந்து உட்கார்ந்தாலே நான் ஓடிப்போய்ப் பிடிப்பேன். பல் தேய்த்துவிடுவேன், சவரம் செய்வேன், சட்டை போட்டுவிடுவேன், ஊட்டிவிடுவேன். அவராகச் செய்தால் ஒரு மணி நேரம் ஆகும். நான் செய்தால் பத்து நிமிடம். எட்டே முக்காலுக்கு நான் கிடங்கில் இருக்க வேண்டும். பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி பெண், "அவரையே செய்ய விடுங்க" என்று ஆரம்பத்திலேயே சொன்னாள். தலையாட்டிவிட்டு வந்தேன். என் அவசரத்தில் அவருடைய கைக்கு வேலையே கொடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஏழு மாதமும் ஒரு மயக்கமும் தேவைப்பட்டன.

மறுநாள் காலை இட்லி அவித்தேன். இரண்டு தட்டு எடுத்தேன். அவருக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, என் தட்டில் மூன்று இட்லி வைத்து, உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். அவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். நான் என் தட்டில் இருந்து இன்னொரு விள்ளல் எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். திருடுவதுபோல் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் சட்னியைப் பார்த்துக்கொண்டே மென்றேன்.

"என்...ன?" என்றார்.

"உங்க தட்டு உங்க பக்கத்துலதான் இருக்கு. இடது கை நல்லாத்தான் இருக்கு. எடுத்துச் சாப்பிடுங்க."

அவர் என்னை முறைத்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சாப்பிட்டு முடித்தேன். அதன்பிறகும் எழவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன், இல்லாவிட்டால் கை தானாகப் போய் ஊட்டிவிடும். கால்மணி நேரம் கழித்து அவர் இடது கையால் இட்லியைப் பிய்த்தார். பாதி மடியில் விழுந்தது. சட்னி சட்டையில் வழிந்தது. இரண்டாவது விள்ளல் வாய்க்குப் போனது. ஒன்றரை இட்லி சாப்பிட அவருக்கு நாற்பது நிமிடம் ஆனது. முடித்துவிட்டு, "உப்பு... இல்ல" என்றார். பல வாரத்துக்குப் பிறகு அவராகச் சொன்ன குறை. எனக்கு அது பிடித்திருந்தது.

அன்று வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன். முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். சாயங்காலம் அரை மணி நேரம் கூட இருந்து ஈடு செய்கிறேன் என்றேன். அவர் சரி என்றார். இத்தனை மாதம் கேட்காமலே முடியாது என்று நினைத்திருந்தேன்.

நடைக்குத்தான் அதிக தைரியம் தேவைப்பட்டது. நான் வேலைக்குப் போகும்போது அவர் குளித்துச் சாப்பிட்டுப் படுத்திருப்பார், போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நடக்க நேரம் கிடைக்கும் காலை ஆறு மணி அப்படி இல்லை. எழுந்ததும் அவருக்கு ஆள் வேண்டும். ஆள் பக்கத்து வீட்டில் இருந்தார். நாங்கள் இத்தா என்று கூப்பிடும் அந்த முஸ்லிம் அக்கா, என் கணவருக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்: "மோளே, நான் கொஞ்சம் உட்காரட்டா? நீ போய்க் குளிச்சிட்டு வா." ஒவ்வொரு தடவையும் "வேண்டாம் இத்தா, நான் பார்த்துக்கறேன்" என்பேன். யாரிடமும் கை நீட்டாமல் சமாளிக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை விழுங்கிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"இத்தா, காலையில அரை மணி நேரம் அவர்கூட இருக்க முடியுமா? நான் நடக்கப் போகணும்."

"இதைக் கேக்கறதுக்கு உனக்கு இத்தனை நாள் ஆச்சா?" என்றார். அவ்வளவுதான். காரணம் கேட்கவில்லை.

முதல் நாள் படகுத்துறை வரை போனேன். சுக்கு மணக்கும் கிடங்குகள் எல்லாம் பூட்டியிருந்தன. பூனைகளும் பால்காரரும் தவிரத் தெருவில் யாரும் இல்லை. கையில் பையில்லாமல், மருந்துச் சீட்டில்லாமல் நடப்பது எப்படி என்றே மறந்துபோயிருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. துறையில் ஒரு நிமிடம் நின்றேன். இப்போது வீட்டில் என்ன ஆகியிருக்குமோ என்று நினைத்ததும் திரும்பி ஓட்டமும் நடையுமாக வந்தேன். பதினாலு நிமிடத்தில் வீட்டில் இருந்தேன். இத்தா சாயா குடித்துக்கொண்டிருந்தார். என் கணவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

"அரை மணி நேரம்னு சொன்னியே?" என்றார் இத்தா. "நாளைக்கு அரை மணி ஆகாம வந்தா கதவைத் திறக்க மாட்டேன்."

இரண்டாவது வாரத்தில் அரை மணி நேரம் நடந்தேன். மூன்றாவது வாரத்தில், நடக்கும்போது அழ ஆரம்பித்தேன். எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் அழுதால் அவர் பார்ப்பார், கிடங்கில் அழுதால் எல்லோரும் கேட்பார்கள். அந்த அரை மணி நேரம்தான் எனக்கென்று இருந்தது. நாலைந்து நாள் அழுதுகொண்டே நடந்தேன். பிறகு அது தானாக நின்றது. அந்த மாதம் நர்ஸ் வந்து என் கையில் பட்டையைச் சுற்றியபோது இதைச் சொன்னேன். "அழுதது நல்லதுதான். நிக்காம போயிருந்தா என்கிட்ட வரணும், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவேன்" என்றார்.

இரவுத் தூக்கத்துக்கும் வழி செய்தோம். அவர் தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் வைத்தேன். தேவை என்றால் தட்ட வேண்டும். நான் அடுத்த அறையில் கதவைத் திறந்துவைத்துப் படுத்தேன். முன்பெல்லாம் அவர் புரண்டால்கூட விழித்துக்கொள்வேன், விழித்தால் போனை எடுத்து, பக்கவாதம் பற்றி யார் யாரோ பேசும் வீடியோக்களைப் பார்ப்பேன். ஒருவர் பூண்டு என்பார், இன்னொருவர் எண்ணெய் என்பார், பயம்தான் மிஞ்சும். போனை மணி ஒலிக்கும்படி வைத்து அடுப்படி அலமாரியில் விட்டுவிட்டுப் படுத்தேன். முதல் நாலு நாள் கை போனைத் தேடியது. அதன்பின் தூங்கினேன். அவர் எண்ணி இரண்டு தடவைதான் டம்ளரைத் தட்டியிருப்பார். அவரும் இத்தனை நாள் என்னால் தூங்காமல் இருந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

இத்தாவின் கணவர் பஜாரில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். ஒரு நாள் அவரும் கூட வந்தார். கக்கத்தில் கேரம் போர்டு.

"எந்தா, கூட்டாளி, ஒரு கை பார்க்கலாமா?"

"கை... இல்லயே" என்றார் என் கணவர், வலது கையைக் கண்ணால் காட்டி.

"எனக்குக் கண்ணு இல்ல, கண்புரை. உனக்குக் கை இல்ல. சரியாப் போச்சு."

என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஆனாலும் அது அவருடைய சிரிப்புதான். இடது கையால் ஆட ஆரம்பித்தார். நாலைந்து நாளில் மூட்டைக்காரர் ஒரு சட்டம் போட்டார்: ஒவ்வொரு மூன்றாவது அடியும் வலது கையால் அடிக்க வேண்டும். விரல் வளையாது, ஸ்ட்ரைக்கர் ஒரு சாண் தூரம் போகாது. "சாரமில்ல, பரவாயில்ல, அடி" என்பார் அவர். பயிற்சி என்று சொல்லி நான் செய்யச் சொன்னபோது செய்யாத விரல், தோற்கக் கூடாது என்பதற்காக அசைந்தது.

டிசம்பரில் வேலியேற்றம் வந்தது. விடியற்காலையில் காயல் நீர் ஏறி எங்கள் சந்துக்குள் கணுக்கால் அளவு நிற்கும், எட்டு மணி வாக்கில்தான் வடியும். சாக்கடையும் அதில் கலந்துவிடும். இரண்டு வாரம் காலையில் வெளியே கால் வைக்க முடியவில்லை. முன்பு என்றால் இதையே சாக்காக வைத்து விட்டிருப்பேன். இந்தத் தடவை விடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் வந்தபின், கிடங்கின் உள் வராந்தாவில் மூட்டை வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஐம்பத்தாறு எட்டு. முதல் நாள் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "நாள் பூரா நிக்கறோம், குனியறோம், இது போதாதா?" என்றாள். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, அதான் விழுந்தேன்" என்றேன். அடுத்த வாரம் அவளும் இன்னும் இரண்டு பேரும் கூட நடந்தார்கள். மேசையில் பாட்டில்களும் வந்தன. பின்பக்கக் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு வேண்டும் என்று நாலு பேராகச் சேர்ந்து முதலாளியிடம் கேட்டோம். போட்டுக் கொடுத்தார்.

ஜனவரியில்தான் அது நடந்தது. நான் நடக்கப் போயிருந்தேன். அன்று குழாயில் தண்ணீர் முன்கூட்டியே வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் வரும் நேரத்தை விட்டால் அடுத்த நாள்தான். இத்தா தன் வீட்டுக் குழாயில் குடம் வைக்க இரண்டு நிமிடம் போனார். எங்கள் குழாயிலும் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு என் கணவர் எழுந்தார். குடத்தை நகர்த்தி வைத்துவிடலாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு போனவர் ஈரத்தில் வழுக்கி விழுந்தார்.

நான் திரும்பி வந்தபோது புருவத்தில் ரத்தத்துடன் தரையில் உட்கார்ந்திருந்தார். இத்தா அவரைத் தாங்கிப் பிடித்தபடி தேம்பிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று தையல், மணிக்கட்டில் வீக்கம். எலும்பு முறியவில்லை.

சாயங்காலம் கலூரில் இருந்து என் கணவரின் அக்கா வந்தார். தம்பியின் நெற்றிக் கட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவன் இப்படிக் கிடக்கும்போது நீ காத்து வாங்கப் போறியாமே? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

நான் கைகட்டி நின்றேன். விழுந்த நேரத்தில் நான் அங்கே இல்லை என்பது காலையிலிருந்தே என்னைத் தின்றுகொண்டிருந்தது. நாளையிலிருந்து போக வேண்டாம் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டிருந்தேன். ஆனால் அக்கா அப்படிக் கேட்டதும் வேறொன்று தோன்றியது. தினம் எட்டு மணி நேரம் அவரை விட்டு வேலைக்குப் போகிறேன். அதற்கு ஒருநாளும் யாரும் எதுவும் கேட்டதில்லை. அரை மணி நேரம் எனக்காகப் போனதற்குக் கேட்கிறார்கள்.

"அக்கா, அக்டோபர் மாசம் நான் வேலை பார்க்கிற இடத்துல மயங்கி விழுந்தேன். உங்ககிட்ட சொல்லல. பிரஷர் ஏறிப் போயிருந்துச்சு. நான் படுத்தா இவரைத் தூக்க ஆள் இல்ல. அதனாலதான் நடக்கறேன். இன்னைக்கு நடந்தது தப்புதான். தரையை ஈரமா விட்டது தப்பு, அந்த நேரம் ஆள் இல்லாதது தப்பு. அதைச் சரி பண்ணுவேன். நடக்கறதை விட மாட்டேன்."

தலையைக் குனியாமல் முழுதாகச் சொல்லி முடித்தேன்.

அக்கா தம்பியைப் பார்த்தார். "நீ என்னடா சொல்றே?"

அவர் நெடுநேரம் வாயைத் திறந்து மூடினார். வார்த்தை தேடும்போது அவர் நெற்றி சுருங்கும், அன்று தையல் இழுத்து வலித்திருக்க வேண்டும்.

"அவ... போவா" என்றார். பிறகு, "நான்... விழுந்தேன். என்... கால்."

வழுக்கியது என் கால், அவள் கால் இல்லை என்று சொல்கிறார். அக்காவுக்கும் புரிந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல, நீ விழுந்தப்போ?" என்று என்னைக் கேட்டார். சொல்லியிருக்கலாம்தான். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வருகிறார். காலையில் வந்தால் மதியம் வரை இருப்பார். அந்த நேரத்தில் நான் தூங்குகிறேன், அல்லது போர்ட் கொச்சிக் கடற்கரையில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் காலை இத்தா வரத் தயங்கினார். "என்னால ஆச்சு மோளே" என்றார். நான் போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். குழாயடியில் சொரசொரப்பான சாக்கு விரிப்புப் போட்டேன். கட்டிலிலிருந்து குழாய் வரை சுவரில் பிடித்து நடக்க ஒரு கம்பி அடிக்கச் சொன்னேன். கம்பி வந்ததும் அவருக்கும் ஒரு பிடிவாதம் வந்தது. குடத்தை நகர்த்தத்தானே போய் விழுந்தேன், அதையே செய்கிறேன் என்று தினமும் இத்தாவைப் பக்கத்தில் நிற்கவைத்து, கம்பியைப் பிடித்துக் குழாய் வரை போய் வருவார். பிப்ரவரியில் குடத்தை நகர்த்தினார், காலி குடம்தான். மார்ச்சில், அவருக்கு வந்து ஒரு வருடம் ஆனபோது, ஊன்றுகோலுடன் வாசலுக்கு வந்தார். அவருடைய ஆட்டோவை இப்போது ஓட்டும் கூட்டாளி அந்த வழியாக வந்து வண்டியை நிறுத்தினார். என் கணவர் இடது கையால் வண்டியின் கூரையைத் தட்டிப் பார்த்து, "வைப்பர்... மாத்து" என்றார்.

ஏப்ரல் கடைசியில் பஸ்ஸில் கலூருக்குப் போனோம், அக்கா வீட்டுக்கு. பஸ் படி உயரம். என் கணவர் ஏற எவ்வளவு நேரம் எடுத்தாரோ அவ்வளவு நேரமும் கண்டக்டர் மணி அடிக்கவில்லை. பின்னால் நின்றவர்களில் ஒருவர் முணுமுணுத்தார். முன்பு என்றால் நான் அவரைத் தூக்காத குறையாக ஏற்றியிருப்பேன். அன்று பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றேன், தொடவில்லை. ஏறினார்.

என் பிரஷர் இறங்கியிருக்கிறது. மாத்திரை தொடர்கிறது. ரத்தம் ஏற முருங்கைக் கீரையும் சிறுபயறும் சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிடுகிறேன். அவர் இனி வண்டி ஓட்ட மாட்டார், அது எங்கள் இருவருக்கும் தெரியும். சட்டையின் மேல் பட்டன் இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை. சில வார்த்தைகள் வருவதே இல்லை.

எனக்கு இன்னும் சில நாள் எரிச்சல் வரும். எல்லாவற்றையும் போட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாம் என்றுகூடத் தோன்றும். முன்பு அதை அடக்கிக்கொண்டு பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவேன். இப்போது அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்து நேராகச் சொல்லிவிடுகிறேன்: "இன்னைக்கு எனக்கு முடியல." அவர் "சரி" என்பார். அன்று துவைத்த துணியை மடிப்பது அவர். ஒரு கையால் மடித்து, இன்னொரு கையின் முழங்கையால் அமுக்குவார். மூலைகள் சேராது. அப்படியே எடுத்து அலமாரியில் வைக்கிறேன்.